பகலில் பள்ளி, மாலையில் ஊர்க்கூடம்: கிரீன்பெல்ட் கட்டடம் சொல்லும் பதில்

வந்த கேள்வி இது: "1930களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு கட்டிய பள்ளிகளும் அஞ்சலகங்களும் இன்று பல ஊர்களில் சமூக மையங்களாக இயங்குகின்றன என்று படித்தேன். ஒரு வேலைக்காகக் கட்டியதை இன்னொரு வேலைக்கு எப்படிப் பொருத்துகிறார்கள்? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சுலபமில்லையா? செலவை யார் ஏற்கிறார்கள்?"

இதற்குப் பொதுவாகப் பதில் சொன்னால் வெறும் கொள்கை விளக்கமாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டடத்தை வைத்துச் சொல்கிறேன். வாஷிங்டனுக்கு வடகிழக்கே, மேரிலாந்து மாநிலத்தில் கிரீன்பெல்ட் என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கே கிரசன்ட் சாலையில் 1937-ல் திறந்த தொடக்கப்பள்ளிக் கட்டடம்தான் இன்றைய கிரீன்பெல்ட் சமூக மையம். 1993 வரை அங்கே பிள்ளைகள் படித்தார்கள். 1995-ல் அது சமூக மையமாக மறுபடி திறந்தது. நான் பார்த்த வரையில், இப்படி மாறிய கட்டடங்களில் இதன் அளவுக்கு இயல்பாகப் பொருந்தியது வேறில்லை. காரணம் அதைப் புதுப்பித்த முறையில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அது பிறந்த விதத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1933-ல் அமெரிக்காவில் வேலை செய்யக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு பதவியேற்ற ரூஸ்வெல்ட்டின் அரசு, நியூ டீல் என்ற பெயரில் பல திட்டங்களைத் தொடங்கியது. அவற்றில் கட்டுமானத்துக்கு இரண்டு முக்கியம். ஹெரால்டு இக்கீஸ் தலைமையில் பொதுப்பணி நிர்வாகம் 1933-ல் வந்தது. ஒப்பந்தக்காரர்கள் மூலம் அணைகள், பாலங்கள், நீதிமன்றங்கள், மருத்துவமனைகள், பள்ளிகள் எனப் பெரிய வேலைகளைச் செய்தது. ஹாரி ஹாப்கின்ஸ் தலைமையில் டபிள்யூ.பி.ஏ. என்ற பணி முன்னேற்ற நிர்வாகம் 1935-ல் வந்தது, வேலையற்றவர்களை நேரடியாகக் கூலிக்கு அமர்த்தியது. 1943-ல் அது மூடப்படும் முன் சுமார் 85 லட்சம் பேர் அதன் கூலியை வாங்கியிருந்தார்கள். கல் தச்சர், ஓவியர், சிற்பி, நூலகர் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தக் காலத்து அரசுக் கட்டடங்களில் கைவேலை இவ்வளவு தெரிவதற்கு அதுவே காரணம். எந்திரத்தை விட்டு ஒரு நாளில் முடிப்பதைவிடப் பத்துப் பேருக்குக் கூலி கொடுத்து ஒரு வாரத்தில் முடிப்பதுதான் அரசின் நோக்கத்துக்குப் பொருந்தியது.

கிரீன்பெல்ட் இந்த இரண்டு அமைப்புகளின் பிள்ளையும் அல்ல. 1935-ல் உருவான மறுகுடியமர்த்தல் நிர்வாகம் என்ற மூன்றாவது அமைப்பு அதைக் கட்டியது. அதன் தலைவர் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல், கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பொருளியல் பேராசிரியர். நகர நெரிசலுக்கு வெளியே மலிவான நிலத்தை வாங்கி, முழு ஊரையே கட்டி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும். ஊரைச் சுற்றித் தோட்டமும் காடும் வளையமாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தப் பசுமை வளையம்தான் ஊருக்குப் பெயரானது. இங்கிலாந்தில் எபெனேசர் ஹோவர்டு முன்வைத்த தோட்ட நகரக் கருத்தும், நியூ ஜெர்சியில் 1929-ல் தொடங்கிய ராட்பர்ன் குடியிருப்பும் அவருக்கு முன்மாதிரிகள். ஓஹையோவில் கிரீன்ஹில்ஸ், விஸ்கான்சினில் கிரீன்டேல் என்று இன்னும் இரண்டு ஊர்கள் எழுந்தன. நியூ ஜெர்சியில் திட்டமிட்ட நான்காவது ஊர் நீதிமன்ற வழக்கில் சிக்கிக் கருவிலேயே நின்றுபோனது. அரசு வீடு கட்டி வாடகைக்கு விடுவதா, இது சோஷலிசம் என்று பத்திரிகைகளும் எதிர்க்கட்சியும் டக்வெல்லை விடாமல் தாக்கின.

வேலை 1935 அக்டோபரில் தொடங்கியது. வாஷிங்டனில் வேலையற்றுத் திரிந்தவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். ஊரின் ஏரி அவர்கள் கையால் உருவானது. 1937 இலையுதிர் காலத்தில் முதல் குடும்பங்கள் குடியேறின. மொத்தம் 885 வீடுகள்: 574 வரிசை வீடுகள், 306 அடுக்ககங்கள், 5 தனி வீடுகள். பிறை வடிவில் வளையும் இரண்டு சாலைகள். அவற்றுக்கு இடையே கார் நுழையாத பெரிய பெரிய மனைத் தொகுதிகள். சாலையைக் கடக்க நடைபாதைச் சுரங்கங்கள். குழந்தை வீட்டிலிருந்து பள்ளிக்கும், அம்மா தள்ளுவண்டியோடு கடைக்கும், ஒரு கார்கூட எதிரில் வராமல் நடந்தே போகலாம். அந்தப் பாதைகள் எல்லாம் வந்து சேரும் நடுப்பகுதியில் கடைகள், திரையரங்கு, நீச்சல் குளம் இருந்தன. அவற்றுக்கு அருகிலேயே பள்ளி.

இந்த இடத்தேர்வுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது. பள்ளியை ஊரின் ஓரத்தில் ஒரு மைதானத்தோடு போடுவது வழக்கம். நிலம் மலிவு, சத்தம் குறைவு. கிரீன்பெல்ட்டின் நகரமைப்பாளர் ஹேல் வாக்கரும், கட்டடக் கலைஞர்கள் டக்ளஸ் எலிங்டனும் ரெஜினால்டு வாட்ஸ்வொர்த்தும் அதை ஊரின் நெஞ்சில் வைத்தார்கள். அவர்கள் வரைந்தது பள்ளி மட்டும் இல்லை. பகலில் தொடக்கப்பள்ளி, மாலையிலும் வார இறுதியிலும் ஊர்க்கூடம் என்று வரைபடத்திலேயே இரண்டு வேலை. உடற்பயிற்சிக் கூடத்தில் மேடை உண்டு. பிள்ளைகள் பந்து விளையாடும் அதே தரையில் மாலையில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தலாம். பள்ளி நூலகமே ஊர் நூலகம். தேவாலயக் கட்டடங்கள் எழும் வரை ஞாயிறு வழிபாடுகூடப் பொது இடங்களில்தான் நடந்தது.

வீடுகள் சிறியவை. வந்தவர்கள் பெரும்பாலும் இளம் தம்பதிகள். அரசு அலுவலகங்களில் சொற்பச் சம்பளம், கையில் கைக்குழந்தை, அக்கம்பக்கத்தில் தெரிந்தவர் யாரும் கிடையாது. அதனால் மாலையானால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். குடிமக்கள் சங்கம், வாசகர் வட்டம், நாடகக் குழு, முதியோர் கல்வி, கூட்டுறவுக் குழுக்கள் என்று முளைத்தன. கூட்டங்கள் அளவுக்கு மீறிப் போய், கிறிஸ்துமஸ் வாரத்தில் யாரும் கூட்டம் போட வேண்டாம், அவரவர் வீட்டில் இருங்கள் என்று ஊரே முடிவெடுத்த கதையை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஊரின் மளிகைக்கடை, முடிதிருத்தும் கடை, பெட்ரோல் நிலையம், திரையரங்கு எல்லாம் கூட்டுறவாக நடந்தன. பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் நிறுவிய அமைப்பு முதலீடு தந்தது, 1940-ல் ஊர்மக்களின் சங்கமே பொறுப்பேற்றது. பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் பள்ளிக்குள் ஒரு கூட்டுறவுக் கடை வைத்தார்கள். மிட்டாயும் பென்சிலும் விற்ற அந்தக் கடைக்கு கம் டிராப் கூட்டுறவு என்று பெயர். எட்டு, ஒன்பது வயதில் பங்கு வாங்கி, கூட்டம் கூடி, லாபத்தைப் பிரித்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்தக் கட்டடம் கேள்விக்குள்ளானபோது ஊர் அதை விட்டுக்கொடுக்காததற்கு இந்தப் பழக்கத்தில் வேர் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கட்டடத்தின் தோற்றத்தையும் சொல்ல வேண்டும். எலிங்டன் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் வண்ண ஓடுகளும் அலங்காரமுமாகச் ஆர்ட் டெகோ என்ற அலங்காரப் பாணியில் சில அபாரமான கட்டடங்களைக் கட்டியவர். கிரீன்பெல்ட்டில் அவருக்கு அந்த அளவு பணம் இல்லை. சாதாரணச் சுவர், வெள்ளை வண்ணம், கண்ணாடிக் கட்டிகள். ஆனால் முகப்பில் வரிசையாக எழும் தூண் போன்ற உதைசுவர்களும் அவற்றின் நெடுக்குக் கோடுகளும் ஓர் எளிய பள்ளிக்கூடத்துக்குக் கம்பீரம் தருகின்றன. அந்த உதைசுவர்களுக்கு இடையே, சன்னல்களுக்குக் கீழே, சுண்ணாம்புக்கல்லில் புடைப்புச் சிற்பங்கள். செதுக்கியவர் லெனோர் தாமஸ். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. பெரும்பாலும் தானே பயின்ற சிற்பி.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரை. "மக்களாகிய நாம்" என்ற தொடக்கம், நீதியை நிலைநாட்டல், பொது நலத்தைப் பேணல் என்று ஒவ்வொரு சொற்றொடருக்கும் ஒரு பலகை. இந்திய அரசியலமைப்பின் முகப்புரையும் அப்படித்தான் தொடங்குகிறது என்பதால் நமக்கு அது அன்னியமாகத் தெரியாது. அவர் செதுக்கிய மக்கள் தலைவர்கள் இல்லை; பருத்த கைகளும் தடித்த தோள்களுமாக உழைக்கும் மனிதர்கள். அவை சுவரின் உச்சியில் இல்லாமல் கீழே இருப்பது எனக்கு மிகப் பிடிக்கும். ஒரு குழந்தை கையால் தொடலாம். தலைமுறை தலைமுறையாகத் தொட்டிருக்கிறார்கள்.

இங்கே மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. இந்த ஊரைக் கட்டிய தொழிலாளிகளில் கறுப்பினத்தவர் பலர். கட்டி முடித்ததும் குடியேற அனுமதிக்கப்பட்டவர்கள் வெள்ளையர் மட்டும். மேரிலாந்தின் பள்ளிகள் 1954-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சட்டப்படியே இனவாரியாகப் பிரிந்திருந்தன. ஆக "மக்களாகிய நாம்" என்று கல்லில் எழுதிய சுவருக்குள் அந்தக் கல்லைச் சுமந்தவரின் பிள்ளைக்கு இடம் இல்லை. ஊரின் அருங்காட்சியகம் இன்று இதை வெளிப்படையாகப் பேசுகிறது. இன்றைய கிரீன்பெல்ட் பல இனத்தவர் கலந்து வாழும் ஊர். ஆனாலும் பழைய கட்டடத்தைப் போற்றும்போது அதன் பழைய வாசல் யாருக்கு மூடியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரபுப் பாதுகாப்பு என்ற பெயரில் அதைத் துடைத்துவிட்டால் நாம் காப்பாற்றுவது கட்டடத்தை இல்லை, ஒரு விளம்பரப் படத்தை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாதுகாப்புத் துறை ஊழியர்களுக்காக இன்னும் ஆயிரம் வீடுகள் சேர்ந்தன. போருக்குப் பின் அரசு கைகழுவ விரும்பியது; 1952-ன் இறுதியில் வீடுகளின் பெரும்பகுதியைக் குடியிருந்தவர்களின் கூட்டுறவு அமைப்பே வாங்கிக்கொண்டது. இன்றுவரை அந்த வீடுகள் கூட்டுறவு உடைமை. பள்ளி மட்டும் பள்ளியாகவே தொடர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் கட்டடத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாணவர்களுக்குப் புதிய கட்டடம் எழுந்து, 1993-ல் அவர்கள் அங்கே போனார்கள். பழையதைப் புதுப்பித்துச் சமூக மையமாக்கும் வேலையை நகராட்சி எடுத்துக்கொண்டது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வரலாம்: எப்படிப் பொருந்துகிறது?

பள்ளிக் கட்டடம் மாற்றிப் பயன்படுத்த மிக வசதியானது. ஒரு வகுப்பறை என்பது முப்பது பேர் உட்காரும் அளவு, ஒரு பக்கம் பெரிய சன்னல், மறுபக்கம் நடைவழி, தனிக் கதவு. இதே அளவுதான் ஓவிய வகுப்புக்கும் வேண்டும், நடன வகுப்புக்கும் வேண்டும், சிறு அலுவலகத்துக்கும் வேண்டும். சுவரை இடிக்க வேண்டிய தேவையே பல இடங்களில் வராது. மின்விளக்கை நம்பாத காலத்தில் வரைந்த உயரமான சன்னல்கள் ஓவியருக்கும் மண்பாண்டக் கலைஞருக்கும் வரம். நடைவழி, இருநூறு பிள்ளைகள் ஒரே மணியில் வெளியே ஓடும் அளவுக்கு அகலமானது. அங்கேயே கண்காட்சி வைக்கலாம். உடற்பயிற்சிக் கூடம் அப்படியே உடற்பயிற்சிக் கூடம்.

கிரீன்பெல்ட்டில் அப்படித்தான் நடந்தது. வகுப்பறைகள் கலைஞர்களின் பணிக்கூடங்களாயின; நகராட்சி கலைஞர்களுக்கு அங்கே இடம் தருகிறது, அவர்கள் ஊராருக்குக் கற்றுத்தருகிறார்கள். மண்பாண்டச் சூளை, நடனக் கூடம், முதியவர்களுக்கான அறைகள் வந்தன. 1940களின் தொடக்கத்தில் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு மழலையர் பள்ளி ஒன்று உண்டு. அதற்கும் அங்கே இடம் கிடைத்தது. ஆக, தொடக்கப்பள்ளி போன பிறகும் குழந்தைகளின் சத்தம் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. அருங்காட்சியகத்தின் கண்காட்சிக்கும் உள்ளே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கடினமான பகுதி கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கட்டடம் எதுவானாலும் குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றும், பழைய வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கும் என்றும் எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அவற்றை அகற்றத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் தேவை. செலவு ஏறுவது இங்கேதான். மின்கம்பிகள் இரண்டு விளக்கும் ஒரு மணியும் ஓடும் அளவுக்குப் போட்டவை. சூளைக்கும் கணினிக்கும் குளிரூட்டிக்கும் முழுதாக மாற்ற வேண்டும். 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் எந்தப் பொதுக் கட்டடமும் படிக்கட்டை மட்டும் நம்பி இயங்க முடியாது. சாய்தளம், மின்தூக்கி, அகலக் கழிப்பறை எல்லாம் வேண்டும். சிறுபிள்ளை உயரத்தில் வைத்த கைகழுவும் தொட்டிகளை மாற்ற வேண்டியிருக்கும். எஃகுச் சட்டச் சன்னல்கள் துருப்பிடித்து, குளிர்காலத்தில் வெப்பத்தை வெளியே விடும். அவற்றை அலுமினியத்தில் மாற்றினால் முகப்பின் மெல்லிய கோடுகள் தடித்து முகமே வேறாகிவிடும். இந்தச் சன்னல் விஷயத்தில்தான் பொறியாளருக்கும் மரபுக் கட்டடப் பாதுகாப்பாளருக்கும் வழக்கமாகச் சண்டை வரும். நான் பாதுகாப்பாளர் பக்கம். சன்னல்தான் கட்டடத்தின் கண். அது மாறினால் மீதி எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

இதற்கு வழிகாட்ட அமெரிக்காவில் உள்துறை அமைச்சகத்தின் புனரமைப்பு விதிகள் 1970களிலிருந்து இருக்கின்றன. அவற்றின் சாரம் இவ்வளவுதான்: கட்டடத்தின் இயல்பை அதிகம் மாற்றாத பயன்பாட்டைத் தேர்ந்தெடு; தனித்தன்மையான உறுப்புகளை மாற்றுவதைவிடச் செப்பனிடு; புதிதாகச் சேர்ப்பதைப் பழையது போல வேடமிட வைக்காதே; நாளைக்கு அகற்ற வேண்டி வந்தால் பழையதற்குச் சேதம் வராதபடி சேர். முதல் விதியை நான் மற்ற மூன்றுக்கும் மேலே வைப்பேன். கிரீன்பெல்ட் அதில் எளிதாகத் தேறியதற்குக் காரணம், அந்தக் கட்டடத்தின் இரண்டு வேலைகளில் ஒன்று விலகியது, இன்னொன்று முழு நேரமானது. புதிய பயன்பாடு எதையும் யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் இப்போது அலுவலகம் வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அது ஒரு வாரப் பத்திரிகை. குடியேறிய சில வாரங்களிலேயே, 1937 நவம்பரில், ஊர்மக்கள் 'கிரீன்பெல்ட் கோஆப்பரேட்டர்' என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். பிறகு 'கிரீன்பெல்ட் நியூஸ் ரிவ்யூ' ஆனது. தன்னார்வலர்கள் எழுதி, வீடு வீடாக இலவசமாகப் போடும் பத்திரிகை. 1965-ல் சார்லஸ் பிரெஸ்லர் என்ற நில வணிகர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும்கூட, தன் நிலத்தில் நெருக்கமாக வீடு கட்ட அனுமதி கேட்டு நகர்மன்றத்தோடு பேரம் பேசினார். அதே சமயம் உயர்நிலைப் பள்ளிக்காக அவருடைய இன்னொரு நிலம் நகராட்சிக்குத் தேவைப்பட்டது. ஒன்றைக் கொடுத்தால் மற்றது என்ற நிலை. பொதுக்கூட்டத்தில் எழுந்த சிலர் இது பிளாக்மெயில் என்றார்கள். பத்திரிகை அதை அப்படியே அச்சிட்டது. பிரெஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். மேரிலாந்து நீதிமன்றம் 17,500 டாலர் இழப்பீடு விதித்தது. இலவசப் பத்திரிகைக்கு அது உயிர் போகும் தொகை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1970-ல் தீர்ப்பு மாறியது. காரசாரமான விவாதத்தில் விழும் அந்தச் சொல்லை யாரும் குற்றவியல் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொதுக்கூட்டத்தில் பேசியதை உண்மையாக எழுதியதற்குப் பத்திரிகையைத் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கும் வழக்கு அது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், சமூக மையம் என்றவுடன் யோகா வகுப்பும் பிறந்தநாள் விழாவும் மட்டும் நினைவுக்கு வருகின்றன. கூடிப் பேசுவதும், சண்டையிடுவதும், அதை எழுதி வைப்பதும் அதே அளவு சமூகப் பயன்பாடுதான். அந்தப் பத்திரிகைக்குப் பழைய பள்ளியில் ஓர் அறை இருப்பது அதனால் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எல்லா ஊரிலும் கதை இப்படி நேராகப் போகவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் அக்வாட்டிக் பார்க் குளியல் மண்டபத்தைப் பாருங்கள். டபிள்யூ.பி.ஏ. 1936-ல் தொடங்கி, 1939 ஜனவரியில் திறந்தது. வளைகுடாவைப் பார்த்து நிற்கும் ஒரு வெள்ளைக் கப்பலைப் போலவே அதை வடிவமைத்தார்கள். உள்ளே ஓவியர் ஹிலேர் ஹைலரின் கடலடி உலகச் சுவரோவியங்கள். வாசலில் சார்ஜென்ட் ஜான்சன் என்ற சிற்பி பலகைக்கல்லில் செதுக்கிய உருவங்கள். பின்புற முற்றத்தில் அவரே பதித்த ஓட்டுச் சித்திரம். குளிக்க வரும் பொதுமக்களுக்காக என்று சொல்லிக் கட்டியதை நகராட்சி தனியார் உணவகக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. பொதுமக்களுக்கான இடம் பணம் உள்ளவர்களின் இடமானது. ஜான்சன் எதிர்ப்புத் தெரிவித்து வேலையைப் பாதியில் விட்டுப் போனார். அந்த ஓட்டுச் சித்திரத்தின் ஒரு பகுதி இன்றும் முடியாமலேயே இருக்கிறது. போர்க்காலத்தில் ராணுவம் உள்ளே வந்தது. 1947-ல் முதியோர் மையம் ஒன்று அங்கே தொடங்கியது; அமெரிக்காவின் ஆரம்பகால முதியோர் மையங்களில் அது ஒன்று. 1951-ல் கார்ல் கோர்ட்டம் என்பவரின் முயற்சியால் கடல்சார் அருங்காட்சியகம் வந்தது. 1987-ல் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. கிரீன்பெல்ட்டின் பழைய ஊர்ப்பகுதிக்கு அந்தத் தகுதி 1997-ல் கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அழகிலும் கைவேலையிலும் சான் பிரான்சிஸ்கோ கட்டடம் பல படி மேல். ஆனால் திறந்த முதல் ஆண்டே அது தடுமாறியது, ஏனென்றால் சாவி யார் கையில் என்ற கேள்விக்கு ஊர் பதில் சொல்லவில்லை. நீங்கள் ஒரு பழைய கட்டடத்தைச் சமூகப் பயன்பாட்டுக்கு மாற்றும் முயற்சியில் இருந்தால் அல்லது அப்படி ஒரு முயற்சியை மதிப்பிட வேண்டியிருந்தால், வரைபடத்தைக் கேட்கும் முன் குத்தகைப் பத்திரத்தைக் கேளுங்கள். யார் நடத்துவார்கள், இரவு எட்டு மணிக்கு யார் திறந்துவிடுவார்கள், ஒரு சிறு சங்கம் கூடினால் என்ன வாடகை என்பதில்தான் பொது என்ற சொல் நிற்கும் அல்லது விழும்.

அஞ்சலகங்களைப் பற்றியும் கேட்டீர்கள். அவை பள்ளியைவிடச் சிக்கலானவை. முன்னால் அலங்காரமான ஒரு முகப்புக்கூடம், பின்னால் கடிதம் பிரிக்கும் ஒரே பெரிய மண்டபம், அவ்வளவுதான். சிறு அறைகள் குறைவு. பின்மண்டபத்துக்கு நாடக அரங்கு நன்றாகப் பொருந்தும். கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் 1934-ல் கட்டிய அஞ்சலகம் 2013-ல் நிகழ்த்துகலை மையமாகத் திறந்தது அப்படித்தான்: பழைய பிரிப்பு மண்டபத்தில் சிறிய அரங்கு, பக்கத்தில் புதிதாகக் கட்டிய 500 இருக்கை அரங்கு, பழைய முகப்புக்கூடம் சுவரோவியங்களோடு வரவேற்புக் கூடமாக. செல்வந்த ஊர் என்பதால் நன்கொடை திரண்டது. எல்லா ஊருக்கும் அது வாய்க்காது.

அந்தச் சுவரோவியங்களுக்கு ஒரு தனிச் சட்டநிலை உண்டு. 1934 முதல் 1943 வரை கருவூலத் துறையின் கலைப் பிரிவு, கட்டடச் செலவில் சுமார் 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களுக்கு ஓவியமும் சிற்பமும் செய்வித்தது. கட்டடம் தனியாருக்கு விற்கப்பட்டாலும் பொதுவாக ஓவியம் அஞ்சல் துறையின் உடைமையாகவே தொடர்கிறது. வாங்கியவர் அதைக் காப்பாற்ற ஒப்பந்தம் போட வேண்டும். ஆனால் பூட்டிய கட்டடத்துக்குள் இருக்கும் ஓவியத்தைப் பொதுமக்கள் எப்படிப் பார்ப்பது? நியூயார்க்கின் பிராங்க்ஸ் அஞ்சலகம் விற்கப்பட்டபோது, பென் ஷானின் ஓவியங்கள் உள்ளே இருந்ததால் இந்தக் கேள்வி பலமாக எழுந்தது.

கடைசியாகப் பணம். இடித்துக் கட்டுவது சுலபமா என்றால், பொறியாளருக்குச் சில சமயம் சுலபம்தான். ஆனால் நல்ல அடித்தளமும் சுவரும் உள்ள கட்டடத்தை இடிக்கும் செலவு, இடிபாடுகளை அப்புறப்படுத்தும் செலவு, ஊர் நடுவே அதே அளவில் மறுபடி கட்ட அனுமதி வாங்கும் சிரமம் எல்லாவற்றையும் கூட்டினால் கணக்கு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு வரலாற்றுக் கட்டடங்களைப் புனரமைக்க 20 சதவீத வரிச்சலுகை தருகிறது. அது வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு மட்டும். வரியே கட்டாத நகராட்சிக்கு அதனால் நேரடிப் பயன் கிடையாது. கிரீன்பெல்ட் சமூக மையம் போன்றவை நகராட்சி வரிப்பணம், மாநில மானியம், வகுப்புக் கட்டணம், அறை வாடகை ஆகியவற்றைக் கலந்து ஓடுகின்றன. பணத்துக்காகச் சில ஊர்கள் தனியார் பங்குதாரரைச் சேர்த்துக்கொண்டு வரிச்சலுகையைப் பெறுகின்றன. அது தவறில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் பொதுமக்களுக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்த அறைகள், எத்தனை ஆண்டுகளுக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அக்வாட்டிக் பார்க்கில் அது இல்லாமல் போனதன் விலையை மேலே சொன்னேன்.